இமைக் கட்டி: அளவும் ஆழமும்

எல்லோருக்கும் வணக்கம்.

கண் இமையில் வந்த கட்டி புற்றுநோய்தான் என்று பயாப்ஸி சொன்னதும், கூட வந்தவர்கள் முதலில் கேட்பது "எத்தனையாவது ஸ்டேஜ், டாக்டர்?" என்றுதான். நியாயமான கேள்வி. அந்த எண்ணை எப்படிப் போடுகிறோம் என்று தெரிந்தால், அதைக் கேட்டதும் வரும் பயம் கொஞ்சம் தெளியும்.

முதலில் அளவு. கட்டியைக் குறிக்க 'டி' என்ற எழுத்தைப் போடுகிறோம். அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக் குழுவின் ஸ்டேஜ் கையேடு, 8-வது பதிப்பின்படி, 10 மி.மீ. வரை டி1, 20 வரை டி2, 30 வரை டி3. இவ்வளவு சின்னக் கணக்கா என்று தோன்றும். ஆனால் இமையின் மொத்த நீளமே ஏறத்தாழ 30 மி.மீ.தான். 20 மி.மீ. கட்டி என்றால் மூன்றில் இரண்டு பங்கு இமை போய்விட்டது என்று அர்த்தம்.

அளவைவிட நான் பயப்படுவது ஆழத்துக்கு. இமையைப் புரட்டிப் பார்த்தால் உள்ளே உறுதியான ஒரு தட்டு தெரியும். அதற்கு டார்சஸ் என்று பெயர். கட்டி அந்தத் தட்டையும் இமையின் விளிம்பையும் தொடாதவரை டி எண்ணுக்குப் பக்கத்தில் 'ஏ' போடுவோம். இரண்டில் ஒன்றுக்குள் புகுந்தாலே 'பி'. இமையின் முழுக் கனத்திலும் பரவிவிட்டால் 'சி'. கண்ணுக்குள்ளோ கண்குழிக்குள்ளோ இறங்கிவிட்டால், கட்டி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அது டி4.

இப்போது உங்கள் விரலைக் காதுக்குச் சற்று முன்னால் வையுங்கள். இமையிலிருந்து கிளம்பும் புற்றுச் செல்கள் பெரும்பாலும் முதலில் வந்து தங்குவது இங்கே இருக்கும் நிணநீர்க் கணுக்களில்தான். அப்புறம் தாடைக்குக் கீழே, கழுத்தில். டி எண் ஏற ஏற இந்தக் கணுக்களுக்குப் பரவும் வாய்ப்பும் ஏறுகிறது. அதனால்தான் எண்ணைப் பார்த்தவுடன் நாங்கள் கழுத்தைத் தடவிப் பார்க்கிறோம், ஸ்கேன் கேட்கிறோம், சிலருக்குக் கணுவை எடுத்தே சோதிக்கிறோம்.

ஆனால் ஒரே எண் எல்லோருக்கும் ஒரே பலனைச் சொல்லாது. பேசல் செல் வகை, அதாவது மேல்தோலின் அடி அடுக்கில் தொடங்குவது, அக்கம்பக்கத்தை அரிக்கும். தூரமாகப் பரவுவது மிக அபூர்வம். செபேசியஸ் வகை, அதாவது எண்ணெய்ச் சுரப்பியில் தொடங்குவது, அதே அளவில் இருந்தாலும் கணுவுக்குப் போகும் ஆபத்து அதிகம். நரம்பை ஒட்டி ஊர்ந்து போகும் கட்டியும் உண்டு. அது திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல். ஆகவே பயாப்ஸி அறிக்கையில் ஸ்டேஜை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். எந்த வகை, வெட்டிய ஓரம் புற்று இல்லாமல் சுத்தமா, நரம்பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

எனக்கு மனசு வலிப்பது ஒரு விஷயத்தில்தான். செபேசியஸ் புற்று, வலியில்லாத சாதாரண இமைக் கட்டி மாதிரியே வேஷம் போடும். ஒரு தடவை கீறி எடுப்பார்கள், அதே இடத்தில் மறுபடி வரும், மறுபடி கீறுவார்கள். இப்படியே மாதங்கள் ஓட, டி1 ஆக இருந்தது டி2 ஆகிவிடும். வயதானவருக்கு ஒரே இடத்தில் கட்டி திரும்ப வந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் இமைமுடி கொட்டியிருந்தாலோ, எடுத்த சதையைத் தூக்கிப் போடாமல் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி நீங்களே கேளுங்கள்.