அஞ்சு ஜாதி கலந்த கோழி எப்படிப் பாரம்பரிய இனம் ஆகும்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

போன வீடியோவுல கனடா நாட்டு ஷான்டக்ளேர் கோழியைப் பத்திக் கொஞ்சம் பேசியிருந்தேன். அதுக்கு நாமக்கல் பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணா, அஞ்சு ஜாதியைக் கலந்து உருவாக்கினதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப அது கிராஸ்தானே? அதை எப்படிப் பாரம்பரிய இனம்னு சொல்றாங்க? நம்ம ஊர்ல வளர்க்கலாமா?"

நியாயமான கேள்விங்க. நம்மள்ல நிறைய பேருக்கு, பாரம்பரிய இனம்னா ஆதியிலேர்ந்து யார் கையும் படாம வந்ததுன்னு ஒரு நினைப்பு இருக்கு. அப்படிப் பார்த்தா காட்டுக்கோழி மட்டும்தான் தேறும். அமெரிக்காவுல லைவ்ஸ்டாக் கன்சர்வன்சின்னு ஒரு அமைப்பு இதுக்கு வரையறை வச்சிருக்கு. 20ஆம் நூற்றாண்டோட நடுப்பகுதிக்கு முன்னாடியே அங்கீகாரம் வாங்கின இனமா இருக்கணும், தானா இணை சேரணும், மெதுவா வளரணும், அதாவது கறி எடைக்கு வர 16 வாரமாவது ஆகணும். பெட்டை 5லேர்ந்து 7 வருஷம் வரைக்கும் முட்டையிடணும். எத்தனை ஜாதி கலந்துச்சுன்னு அதுல யாரும் கேக்கல. பொறிக்கிற குஞ்சு தாய் தகப்பன் மாதிரியே வருதா, அதான் பேச்சு.

இப்ப இந்தக் கோழி கதைக்கு வருவோம். கியூபெக்ல, மாண்ட்ரியலுக்குப் பக்கத்துல ஓகான்னு ஒரு ஊரு. அங்க இருந்த மடத்துல பிரதர் வில்ஃப்ரிட்னு ஒரு துறவி. கனடா குளிரு தெரியும்ல? பனியில சேவலோட பூவும் (தலைமேல இருக்கற கொண்டை) தாடியும் (தாடைக்குக் கீழ தொங்கற சதை) விறைச்சுப்போயி, கறுத்து, நுனி உதிர்ந்துடும். தண்ணி குடிக்கும்போது தாடி நனையும், நனைஞ்ச இடம் அப்படியே உறையும். அந்த வலியில சேவல் பெட்டைகிட்டயே போகாது. பெட்டையும் முட்டையை நிறுத்திடும். இவருக்கு வேணும்னது பூவே இல்லாத மாதிரி, தாடியும் இல்லாத மாதிரி, குளிர்லயும் முட்டை விடுற, கறியும் தேறுற ஒரு வெள்ளைக் கோழி.

1908ல ஆரம்பிச்சாரு. டார்க் கார்னிஷ் சேவலை வெள்ளை லெகார்ன் பெட்டையோட ஒரு பக்கம் விட்டாரு. ரோட் ஐலண்ட் ரெட் சேவலை வெள்ளை வயண்டாட் பெட்டையோட இன்னொரு பக்கம். முதல் ஜோடியில பொறிச்ச வெடைங்களை, அதாவது இளம் பெட்டைங்களை, ரெண்டாவது ஜோடிக்குப் பொறிச்ச சேவலுக்குச் சேர்த்தாரு. அதுல வந்த வெடைங்களுக்கு வெள்ளை பிளைமவுத் ராக் சேவல். அவ்வளவுதான், கலப்பு முடிஞ்சுது. ஆனா வெளி உலகத்துக்குக் காட்டினது 1918ல, கோழி இனங்களுக்கான அமெரிக்கத் தரநூல்ல ஏறினது 1921ல. நடுவுல இத்தனை வருஷம் என்ன பண்ணாருன்னு யாரும் கேக்கறதில்ல. வேண்டாத குணம் வந்த கோழிங்களைக் கழிச்சுக்கிட்டு இருந்தாருங்க.

பூவை மட்டும் எடுத்துக்கோங்க. கார்னிஷுக்கு மூணு வரிசையா படிஞ்ச சின்னப் பூ. வயண்டாட்டுக்கு ரோஜாப்பூன்னு சொல்ற தட்டையான பூ. இந்த ரெண்டு குணமும் ஒரே கோழியில சேர்ந்தா தலையோட ஒட்டின கட்டியா ஒரு பூ வரும். அதே காலத்துல இங்கிலாந்துல மரபியல் விஞ்ஞானிங்க பேட்சனும் பன்னெட்டும் இதைக் கண்டுபிடிச்சு எழுதியிருக்காங்க. ஆனா லெகார்னுக்கும் ராக்குக்கும் இருக்கறது நிமிர்ந்த கத்திப்பூ. கடைசியா ராக் சேவல் விட்டாரு பாருங்க, அப்ப ஒவ்வொரு குஞ்சுலயும் கத்திப்பூவுக்கான குணம் ஒளிஞ்சு உள்ள வந்துடுச்சு. வெளியில தலையோட ஒட்டின பூவா இருந்தாலும், உள்ள கத்திப்பூ. அந்த மாதிரி ரெண்டும் கலந்து ஒளிஞ்சிருக்கற ரெண்டு கோழியைச் சேர்த்தா, சராசரியா 16 குஞ்சுக்கு 9 மட்டும்தான் நாம கேக்கற பூவோட வரும். 3 ரோஜாப்பூ, 3 கார்னிஷ் பூ, 1 கத்திப்பூ. நம்ம ஆளுங்க அந்த ஒரு குஞ்சை வித்துட்டு வேலை முடிஞ்சுதுன்னு நினைப்பாங்க. அது பத்தாது. கத்திப்பூ குஞ்சு ஒண்ணு வந்துச்சுன்னா தகப்பன்கிட்டயும் அது இருக்கு, தாய்கிட்டயும் இருக்குன்னு அர்த்தம். ரெண்டையும் பிரீடிங்லேர்ந்து எடுத்துடணும், அது எவ்வளவு அழகான சேவலா இருந்தாலும் சரி. பெருவிடை (நம்ம ஊரு சண்டைக்கோழி) லைன் வச்சிருக்கறவங்களும் இதைக் கேட்டுக்கோங்க, உங்களுக்கும் இதே கணக்குதான்.

பெருவிடைன்னதும் ஞாபகம் வந்துச்சு. அந்த கார்னிஷ் கோழியே இங்கிலாந்தோட கார்ன்வால்ல நம்ம நாட்டு அசில் சண்டைக்கோழியை வச்சு உருவாக்கினதுதான். அங்க அதுக்குப் பேரே இந்தியன் கேம். ஆக ஷான்டக்ளேர் நெஞ்சுக் கறியில கொஞ்சம் நம்ம அசில் ரத்தமும் இருக்கு.

அப்புறம் பிராய்லர் வந்துச்சு, இதைச் சீந்த ஆளில்ல. 1979ல கனடாவோட சஸ்காட்செவான் பல்கலைக்கழகத்துல இருந்ததும் இல்லாமப் போச்சு, இனமே போச்சுன்னு எழுதிட்டாங்க. ஆனா சின்னச் சின்னப் பண்ணைக்காரங்க சத்தமில்லாம வளர்த்துக்கிட்டுதான் இருந்திருக்காங்க. அவங்ககிட்டேர்ந்துதான் திரும்ப எடுத்தாங்க. 1999ல கியூபெக் அரசாங்கம் சட்டமே போட்டு இதைத் தங்களோட மண்ணின் பாரம்பரிய இனம்னு அறிவிச்சுது.

நம்ம ஊர்ல வளர்க்கலாமாங்கிறதுக்கு என் பதில், வேண்டாம். கோழிக்கு வேர்வை கிடையாது, சூட்டை வெளியேத்தற இடங்கள்ல முக்கியமானது பூவும் தாடியும்தான். இது அந்த ரெண்டையும் ஒழிச்சுக் கட்டின இனம். சேவல் கிட்டத்தட்ட 4 கிலோ, மேல கம்பளி மாதிரி நெருக்கமான இறகு. சித்திரை வெயில்ல அது வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கறதைப் பார்க்கவா காசு கொடுத்து வாங்கணும்? சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.