மணியோசையை வாசித்தவர் யார்?

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியது, எழுத்து வடிவில்)

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் மாவட்ட நூலக அலுவலர் அம்மா அவர்களே, வரவேற்புரையில் என்னை என் தகுதிக்கு மேல் உயர்த்திவிட்ட செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே (எனக்கு எட்டாம் வகுப்பில் இலக்கணம் கற்பித்த கை அது, இன்று அந்தக் கையால் பொன்னாடை பெற்றேன்), இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த வணிகர் பெருமக்களே, பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் கல்லூரி மாணவர்களே, தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

அமெரிக்க அரசியல் நாடகம் ஒன்றின் பின்னணி இசையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ‘தி வெஸ்ட் விங்’ என்று பெயர். வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதி என்று பொருள். குடியரசுத் தலைவரின் அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. 1999 செப்டம்பர் 22 அன்று தொடங்கி 2006 மே மாதம் வரை, ஏழு ஆண்டுகள் ஓடிய தொடர். மூன்று செய்திகளைச் சொல்ல நினைக்கிறேன். ஒன்று, அதன் முகப்பு இசை. இரண்டு, வசனத்துக்கும் இசைக்கும் உள்ள உறவு. மூன்று, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எந்தெந்த வாத்தியம் என்ற கணக்கு.

நம் ஊரில் பாட்டிமார் சொல்வார்கள்: யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. இந்தப் பழமொழியை மடியில் முடிந்துகொள்ளுங்கள். திரும்பத் திரும்ப அவிழ்க்க வேண்டியிருக்கும்.

முதல் அத்தியாயத்தையே பாருங்கள். நாடகத்தின் நாயகர் குடியரசுத் தலைவர் பார்ட்லெட். மார்ட்டின் ஷீன் நடித்தார். ஆனால் அவர் கண்ணுக்குத் தெரிவது கடைசிப் பகுதியில்தான். அதுவரை உதவியாளர்கள் நடைபாதைகளில் ஓடுகிறார்கள், ஓடிக்கொண்டே பேசுகிறார்கள். நாடகத்தை எழுதிய ஆரன் சார்க்கினின் வசனத்தை உலகமே புகழ்ந்தது. அவ்வளவு வேகமான பேச்சு. முகப்பு இசையோ அவசரப்படவே இல்லை! கொடி அசைகிறது, கறுப்பு வெள்ளைப் படங்களாக முகங்கள் வந்து போகின்றன; வயலின்கள் நீண்ட மூச்சு எடுத்து, தேவாலயத்தில் சபை எழுந்து நின்று பாடும் பாட்டைப் போல, நிதானமாக ஏறுகின்றன. பித்தளை வாத்தியங்கள் சேருகின்றன. முரசு சேருகிறது. இந்த மனிதர்கள் ஓடுவார்கள், தடுக்கி விழுவார்கள், தோற்பார்கள். இவர்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி இவர்களைவிடப் பெரியது. அதை ஒரு வார்த்தை இல்லாமல், ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிடுகிறது அந்த இசை. யானையைக் காட்டும் முன்பே யானையின் அளவைச் சொல்லிவிட்டது மணி.

இதை எழுதியவர் டபிள்யூ. ஜி. ஸ்னஃபி வால்டன். அடிப்படையில் கிட்டார்காரர், ராக் இசைக்குழுவிலிருந்து வந்தவர். இந்த முகப்பு இசைக்காக 2000-ஆம் ஆண்டு, அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது பெற்றார். ஆனாலும் அந்தத் தொடரைப் பற்றி நான் படித்தவற்றில் பத்துக்கு ஒன்பது பங்கு வசனத்தைப் பற்றியவை. இசைக்கு ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி.

அந்த அகன்ற ஒலி எங்கிருந்து வந்தது? என் காதுக்கு அது அமெரிக்க இசையமைப்பாளர் ஆரன் கோப்லண்ட் போட்ட பாதை. 1942-இல், போர்க்காலத்தில், பித்தளை வாத்தியங்களுக்கும் முரசுகளுக்குமாக ‘சாமானிய மனிதனுக்கான முழக்கம்’ எழுதினார். ஸ்வரங்களை நெருக்கியடிக்காமல், நடுவில் காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்குவார். அமெரிக்கப் புல்வெளி மாதிரி விரிந்து கிடக்கும். இன்று அமெரிக்க அரசு, அமெரிக்க மண் என்று எதைத் திரையில் காட்டினாலும் அந்த ஒலியின் பேரப்பிள்ளை ஒன்று பின்னால் நிற்கும். அவரை அந்த அரசு எப்படி நடத்தியது தெரியுமா? 1953 ஜனவரியில், குடியரசுத் தலைவர் ஐசனோவர் பதவியேற்பு விழாக் கச்சேரியிலிருந்து, லிங்கனைப் பற்றி அவர் எழுதிய இசைப்படைப்பையே நீக்கினார்கள். இடதுசாரிகளோடு தொடர்புள்ளவர் என்று அவர்கள் நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஒருவர் கிளப்பிய எதிர்ப்பு. அதே ஆண்டு மே மாதம், கம்யூனிஸ்டுகளைத் தேடித் தேடி விசாரித்த செனட்டர் மெக்கார்த்தியின் குழு முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். லிங்கனுக்கே இசை எழுதியவரை!

சட்டமன்ற உறுப்பினர் அவர்கள் இப்போது வாசலில் வந்திருப்பதாகச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். ஐயா, வாருங்கள், வணக்கம். பல பணிகளுக்கு நடுவில் வந்திருக்கிறீர்கள். இந்த நூலகத்தின் ஒழுகும் கூரையைச் சரிசெய்து தந்தவர் இவர்தான் என்பதை இந்த அவை மறக்காது. மேடைக்கு வாருங்கள். அவர் வருவது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? வாசலில் மேளம் கேட்டது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே!

அமெரிக்காவிலும் இதே கதைதான். குடியரசுத் தலைவர் அவைக்குள் நுழையும்போது ‘ஹெயில் டு த சீஃப்’ என்ற இசையை வாசிப்பார்கள். 1954-இல் அதை அதிகாரபூர்வ மரியாதை இசையாக்கினார்கள். அந்த வழக்கத்துக்கு முன்கதை ஒன்று சொல்வார்கள். பதினோராவது குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் போல்க் உருவத்தில் சிறியவர். அவைக்குள் வந்தாலும் யாரும் கவனிக்கமாட்டார்களாம். பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காத அவருடைய மனைவி சாரா, இவர் நுழையும்போதெல்லாம் அந்த இசையை வாசிக்கச் சொன்னாராம். யானை சின்னதாக இருந்தால் மணியைப் பெரிதாகக் கட்ட வேண்டும் என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது. சரி, அந்த இசையை அன்று வாசித்தவர்கள் யார்? குழலூதியவர் பெயர் என்ன? முரசடித்தவர் பெயர் என்ன?

இந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். நேரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாய்மாமா ஒரு வயலின்காரர். சாலிகிராமத்தில் ஒண்டுக் குடித்தனம். காலையில் வயலின் பெட்டியை ஸ்கூட்டரில் இரண்டு காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு கிளம்புவார். ஒரு கால்ஷீட் ஒரு ஸ்டூடியோவில், மத்தியானம் இன்னொன்று. நோட்ஸை முன்னால் வைப்பார்கள். பார்த்த மாத்திரத்தில் வாசிக்க வேண்டும். அவர் தப்பாக வாசித்து ஒரு டேக் வீணானதில்லை என்று கூட வாசித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசையில் வாசித்திருந்தார். தினமும் சாயங்காலம் வரும். தொடர் பெயர் வேண்டாம், உங்களில் பலர் பார்த்ததுதான்.

நான் விடுமுறைக்குப் போயிருந்தேன். நேரம் வந்ததும் மாமா டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். உள்ளே மிக்சி ஓடும். “ஒரு நிமிஷம் அதை நிறுத்துடி” என்பார். அத்தை நிறுத்துவாள். இசை வரும். பாதியில் விரலைத் தூக்குவார்: “இந்தா, இப்ப மேலே போகுதே, அது நாங்க எட்டுப் பேர். மூணாவது நாற்காலி நான்.” அப்புறம் மிக்சி ஓடும், நாடகம் ஓடும், அவர் எழுந்து போய்விடுவார். ஆனால் அவருடைய மகள், எட்டு வயசு, எழுந்து போகமாட்டாள். கடைசியில் பெயர்கள் ஓடுமே, அதற்காக உட்கார்ந்திருப்பாள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். புடவை தந்த கடையின் பெயர் வரும். நகைக்கடை பெயர் வரும். சோபா தந்தவர் பெயர் வரும். படப்பிடிப்புக்கு வீடு தந்தவருக்கு நன்றி வரும். “அப்பா, உன் பேரு எப்ப வரும்?” மாமா சொல்வார்: “நாளைக்கு வரும்மா.” மறுநாளும் உட்காருவாள். மறுநாளும் வராது.

ஒரு வாரமோ பத்து நாளோ பார்த்தாள். அப்புறம் ஒரு நாள் நோட்டுப் புத்தகத்தில் நீளமாக ஒரு துண்டு கிழித்து, ஸ்கெட்ச் பேனாவால் ‘வயலின்’ என்று போட்டு, பக்கத்தில் அப்பா பெயரை எழுதி, சோற்றுப் பருக்கையைத் தேய்த்து டிவி கண்ணாடியின் கீழ்ப்பக்கம் ஒட்டிவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் செய்தி வாசித்தாலும் மாமா பெயர், கிரிக்கெட் நடந்தாலும் மாமா பெயர், பட்ஜெட் தாக்கல் ஆனாலும் நிதி அமைச்சருக்குக் கீழே மாமா பெயர்! அத்தை துடைக்கும்போது அந்த இடத்தை விட்டுவிட்டுத் துடைப்பாள். அந்த டிவி பழுதாகி வெளியே போகும் வரைக்கும் அது அங்கேயே இருந்தது. மாமா இப்போது இல்லை. அவர் வாசித்த இசை இருக்கிறது. யூடியூபில் போட்டுக் கேட்கலாம். எந்த இடத்திலும் அவர் பெயர் இல்லை.

வெஸ்ட் விங்குக்கு வருகிறேன். இரண்டாவது செய்தி: அந்த நாடகத்தில் பேச்சு ஓடும்போது இசை பெரும்பாலும் ஒதுங்கி நிற்கும். காட்சி முடிந்து, சொல்ல இனி ஒன்றும் இல்லை என்ற இடத்தில் மெல்ல உள்ளே வரும். இடமறிந்து சும்மா இருப்பதும் வாசிப்புதான். பேச்சின்மேலேயே தாளம் கொட்டும் நம் தொடர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது.

2000 டிசம்பர் 20 அன்று வந்த அத்தியாயம் ஒன்று. ஜாஷ் லைமன் என்ற உதவியாளர், துப்பாக்கிச் சூட்டில் குண்டடிபட்டுப் பிழைத்தவர். வெள்ளை மாளிகை கிறிஸ்துமஸ் விருந்தில், வயலினின் பெரிய அண்ணனான செல்லோ வாசிக்கிறார்கள்; ஜெர்மானிய இசைமேதை பாக் எழுதிய இசை. எல்லோரும் மெய்ம்மறந்து கேட்கிறார்கள். ஜாஷின் காதில் மட்டும் அது ஆம்புலன்ஸ் சைரனாக மாறுகிறது. இசை ஒருவனைத் தாலாட்டவும் செய்யும், கிழித்துப் போடவும் செய்யும் என்று இவ்வளவு துணிவாகக் காட்டிய தொலைக்காட்சிக் காட்சியை நான் வேறு பார்த்ததில்லை. அந்தச் செல்லோவை வாசித்தவர் யோ-யோ மா, உலகப் புகழ் பெற்றவர். யோ-யோ மாவாகவே திரையில் தோன்றினார், பெயரும் வந்தது. தகும். ஆனால் முகப்பில் வாரா வாரம் வந்த வயலின்கள்? அங்கேயும் இசையமைப்பாளர் பெயர் வரும், விருது வரும். வாசித்தவர் பெயர் வருவது அபூர்வம்தான். மணி கட்டச் சொன்னவர் பெயர் தெரிகிறது, மணியை ஆட்டியவர் பெயர் தெரியவில்லை.

இப்போது அந்த மணியையே வெட்டுகிறார்கள். ஓடிடியில் முகப்பு இசை தொடங்கியதும் ‘தாண்டிப் போ’ என்று ஒரு பொத்தான் வருகிறது. தம்பிமார்களே, ஒரு மாதம் அதை அழுத்தாமல் இருந்து பாருங்கள். கடைசியில் பெயர்கள் ஓடும்போது அடுத்த அத்தியாயத்துக்குத் தாவாமல் இருந்து பாருங்கள். அங்கே வாசித்தவர் பெயர் இல்லையென்றால், ஏன் இல்லை என்று அந்த நிறுவனத்துக்கு ஓர் அஞ்சல் எழுதுங்கள். வாசல் மேசையில் ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறேன். கேட்பது ஒன்றே ஒன்று: தமிழ்த் தொடர், தமிழ்ப் படம் எதுவானாலும், வாத்தியம் வாசித்த ஒவ்வொருவர் பெயரும் திரையில் வர வேண்டும். புடவைக்கு இடம் இருக்கிறது, வயலினுக்கும் இருக்கும்.

மூன்றாவது செய்திக்கு நேரம் இல்லை. தலைவர் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். ஒன்று மட்டும் சொல்லி உட்காருகிறேன். 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்தபோது, இசைத்தட்டில் ஒலிக்கவிடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்றது அரசு. 55 விநாடிப் பாட்டு. இன்று இந்தக் கூட்டத்துக்கும் அதுதான் மணியோசை. இரண்டு பெண் பிள்ளைகள் பாடினார்கள், ஒரு தம்பி ஆர்மோனியத்தில் சுருதி பிடித்தார். அழைப்பிதழைப் பார்க்கிறேன். என் பெயர் இருக்கிறது, எங்கள் எல்லோர் பெயரும் பட்டத்தோடு இருக்கிறது. அவர்கள் மூவர் பெயர் இல்லை. சட்டமன்ற உறுப்பினர் ஐயா, தலைவர் ஐயா, உங்கள் அனுமதியோடு கேட்கிறேன். பிள்ளைகளே, தம்பி, மூவரும் மேடைக்கு வாருங்கள். இந்தாருங்கள், மைக். உங்கள் பெயரை நீங்களே சொல்லுங்கள்.