தானாக மாறும் எண்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு வலைப்பக்கம், அதில் ஒரே ஒரு எண். ஏதோ ஓர் அறையின் வெப்பநிலை என்று வைத்துக்கொள்வோம். பைத்தான் சர்வரில் அது நொடிக்கு நொடி மாறுகிறது; பக்கத்திலோ ரிஃப்ரெஷ் செய்தால்தான் மாறும். ஏனென்றால் ப்ரௌசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபி, கேட்டால் மட்டும் பதில் சொல்லும் ஏற்பாடு. சர்வர் தானாக வந்து கதவைத் தட்டாது.

சரி, இரண்டு நொடிக்கொருமுறை ஜாவாஸ்கிரிப்டை விட்டுக் கேட்கச் சொல்லலாம். இதை இளக்காரமாக நினைக்காதீர்கள், பத்துப் பேர் பார்க்கும் பக்கத்துக்கு இதுவே தாராளம். ஆயிரம் பேர் பார்த்தால் நொடிக்கு 500 கேள்விகள். எண் மாறாவிட்டாலும் அத்தனைக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

அதனால் பலரும் நேரே, திறந்தே இருக்கும் இருவழி இணைப்பான வெப்சாக்கெட்டுக்குத் தாவுகிறார்கள். 2011இல் தர வரையறை பெற்றது அது. இரு தரப்பும் பேசிக்கொள்ளும் அரட்டைக்கும் விளையாட்டுக்கும் பொருத்தம். ஆனால் இங்கே பேசுவது சர்வர் மட்டும்தானே? என் ஓட்டு சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸுக்கு.

பெயர்தான் நீளம். ப்ரௌசர் ஒருமுறை கேட்கிறது; சர்வர் பதில் சொல்லத் தொடங்குகிறது, முடிப்பதில்லை. 'டேட்டா' என்ற சொல், ஒரு முக்காற்புள்ளி, அப்புறம் வெப்பநிலை, அதன்பின் ஒரு வெற்று வரி. ஒரு செய்தி அவ்வளவுதான். அந்த வெற்று வரியை விட்டுவிட்டால் செய்தி முடிந்ததாகவே ப்ரௌசர் எடுத்துக்கொள்ளாது. பைத்தானில் ஒரு ஜெனரேட்டர், அதாவது மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் ஃபங்ஷன் எழுதி, எண் மாறும்போதெல்லாம் யீல்ட் என்ற சொல்லால் அதை வெளியே அனுப்பினால் போதும். ப்ரௌசர் பக்கம் இவற்றை வாங்கிக்கொள்ள ஈவென்ட்சோர்ஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதி இருக்கிறது. இணைப்பு அறுந்தால் அதுவே மறுபடி இணைந்துகொள்ளும். செய்திகளுக்கு அடையாள எண் கொடுத்திருந்தால், கடைசியாக வந்தது எது என்பதையும் சர்வரிடம் சொல்லும்.

நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். என் மடிக்கணினியில் எண் அழகாகத் துள்ளியது. சர்வரில் ஏற்றினேன், பேச்சுமூச்சில்லை. பிறகு திடீரென்று பழைய எண்களெல்லாம் மொத்தமாக வந்து கொட்டின. இரவு முழுக்க பைத்தான் நிரலைத் துருவினேன். அதில் ஒரு பிழையும் இல்லை. பைத்தானுக்கு முன்னால் நான் வைத்திருந்த என்ஜின்எக்ஸ் என்ற இடைநிலை சர்வர், பதிலைச் சேர்த்து வைத்து அனுப்பிக்கொண்டிருந்தது. அதன் இயல்பே அது. பதிலோடு போகும் எக்ஸ்-ஆக்செல்-பஃபரிங் என்ற ஹெடரில் 'நோ' என்று போட்டதும் எண் நொடிக்கு நொடி நகர்ந்தது.

இன்னொன்று ஒர்க்கர் கணக்கு; ஒர்க்கர் என்றால் கோரிக்கைகளைக் கவனிக்கும் சர்வர் ப்ராசஸ். ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கையைப் பார்க்கும் ஒர்க்கர்கள் நான்கு இருந்தால், பதில் முடிவதே இல்லை என்பதால் நான்கு பார்வையாளர்களோடு கடை மூடிவிடும். ஐந்தாமவர் காத்துக்கிடப்பார். இதற்கு ஒரு நல்ல வழி, ஒரே ஒர்க்கர் பல இணைப்புகளை மாறி மாறிக் கவனிக்கும் அசிங்க் ஃப்ரேம்வொர்க். அதற்குள்ளும் சற்றுக் காத்திருக்கப் பழக்கதோஷத்தில் டைம்.ஸ்லீப் எழுதினால் எல்லாருடைய எண்ணும் ஒன்றாக உறைந்து நிற்கும். மற்ற இணைப்புகளுக்கு வழிவிடும் அசிங்க்ஐஓவின் ஸ்லீப்பை அவெய்ட்டோடு எழுத வேண்டும்.

எல்லாம் சரியாக ஓடுகிறதா? அதே பக்கத்தை ஒரே ப்ரௌசரில் ஏழு டேப்பில் திறந்து பாருங்கள். பழைய எச்டிடிபி 1.1 என்றால் ஒரு தளத்துக்கு ஆறு இணைப்புதான். ஏழாவது டேப் சுற்றிக்கொண்டே இருக்கும். எச்டிடிபி 2க்கு மாற்றுங்கள், அதுவும் திறக்கும். நன்றி, வணக்கம்.