பாலிஷ் போட்டே கொன்றுவிட்டார்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு வேறு வீடியோ போடுவதாகத்தான் இருந்தது. ஆனால் இந்தப் பார்சலைப் பிரித்ததிலிருந்து எனக்குக் கோபம் அடங்கவில்லை. இதோ பாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். முகம் தெரிகிறதா? தெரியும். ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த பழைய சவரக்கத்தி. இரண்டு கத்திகள் சேர்ந்த லாட்டாக வந்தது. இதை 'முழுவதும் புதுப்பித்தது, கண்ணாடி மாதிரி இருக்கும்' என்று போட்டு, விலையையும் இதற்காகவே ஏற்றி வைத்திருந்தார் விற்றவர். கூட வந்த அழுக்குக் கத்தியை 'பழுது, இனாம்' என்று ஓரமாகப் போட்டிருந்தார். நான் அந்த இனாமுக்காகத்தான் லாட்டையே எடுத்தேன். என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே.

முதலில் பளபளப்பவரைக் கவனிப்போம். பிடிக்குப் பக்கத்தில், கம்பெனி பெயர் பொறித்த இடத்தைப் பாருங்கள். விளக்கைச் சாய்த்துப் பிடிக்கிறேன். சோலிங்கன் என்பதில் பாதி எழுத்துதான் மிச்சம். எழுத்தின் ஓரங்கள் மழுங்கி வழிந்துபோயிருக்கின்றன. செய்தவர் யார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. துருக்குழி மறைய வேண்டும் என்று பஃபிங் சக்கரத்தில், அதாவது பாலிஷ் போடும் சுழல் சக்கரத்தில் வைத்து, குழியின் ஆழத்துக்கு இரும்பையே தேய்த்து எடுத்திருக்கிறார்கள். எனக்கு இந்தக் கண்ணாடிப் பாலிஷே பிடிக்காது. கருத்த கத்தியைப் பிறகு சுத்தம் செய்யலாம், போன இரும்பை எங்கே போய்த் தேடுவது?

சரி, தடிமன் அளக்கும் வெர்னியரை எடுக்கிறேன். ஆமாம், மறுபடியும் வெர்னியர்தான், சிரிக்காதீர்கள். முதுகிலிருந்து வாய் வரை, அதாவது வெட்டும் ஓரம் வரை, அகலம் 19 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தில் எட்டில் ஆறு. முதுகின் தடிமன் குதிப் பக்கம், அதாவது பிடியை ஒட்டிய முனையில், 4.2 மில்லிமீட்டர்; மூக்குப் பக்கம், அதாவது எதிர்முனையில், 3.6. இங்கேதான் விஷயம். இந்தக் கத்தியைச் சாணைக்கல்லில் படுக்க வைத்துத் தீட்டும்போது முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் படும். அதனால் கூரின் கோணத்தை முடிவு செய்வது முதுகின் தடிமன்தான், நம் கை அல்ல. இந்த அகலத்துக்கு முதுகு 5.4 இருந்தால் கோணம் 16 டிகிரி சொச்சம் வரும், அது நல்ல கத்தி. இதில் மூக்குப் பக்கம் 11 டிகிரியை ஒட்டி வருகிறது, குதிப் பக்கம் 13 டிகிரியை ஒட்டி. ஒரே வாயில் இரண்டு கோணம்! மெலிந்த பக்கம் தாடியில் பட்டதும் பொடிப்பொடியாக உதிரும். முதுகில் டேப் ஒட்டித் தீட்டலாம் என்பீர்கள். கோணம் கொஞ்சம் ஏறும்தான், ஆனால் மூக்குக்கும் குதிக்கும் உள்ள வித்தியாசம் அப்படியேதான் இருக்கும்.

அப்புறம் சூடு. சக்கரத்தில் மெல்லிய வாய் சீக்கிரம் காய்ந்துவிடும், எஃகின் பதம் போய்விடும். பதம் போன இடம் நீலம் பாயும், ஆனால் அடுத்த சுற்றுப் பாலிஷ் அந்த நீலத்தையும் துடைத்துவிடும். ஆகவே பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

போதும், இப்போது இனாமுக்கு வருவோம். கருப்பாக, எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, பார்க்கவே பாவமாக இருந்தது. எண்ணெய் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்தேன். முதலில் ஒரு நட்சத்திரம் தெரிந்தது, அதன் பக்கத்தில் மால்டா சிலுவை. கத்தினேன், உண்மையாகவே கத்தினேன்! இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கத்தி செய்த ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ் கம்பெனியின் முத்திரை அது. இன்னும் துடைத்தால், 'மகாராணிக்குக் கத்தி செய்பவர்கள்' என்ற பொருளில் ஆங்கில வரி. மகாராணி என்றால் விக்டோரியா, 1837 முதல் 1901 வரை. 1952இல் இன்னொரு மகாராணி வந்தார்தான், ஆனால் அதற்குள் பெரும்பாலானவர்கள் பிளேடு ரேசருக்குப் போய்விட்டார்கள். ஜில்லெட் 1903இலேயே விற்பனைக்கு வந்துவிட்டதே.

இதில் ஷெஃபீல்ட் என்று மட்டும் இருக்கிறது, இங்கிலாந்து என்று இல்லை. உடனே '1891க்கு முந்தையது, உறுதி' என்று விலை ஏற்றுபவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 1890இல் அமெரிக்கா மெக்கின்லி சுங்கச் சட்டம் கொண்டுவந்தது, 1891 மார்ச்சிலிருந்து இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. அது அமெரிக்காவுக்குப் போன சரக்குக்குத்தான். மற்ற ஊர்களில் விற்றதில் இல்லாமலும் இருக்கலாம். அதனால் முந்தையதாக இருக்கலாம், அவ்வளவுதான்.

முதுகு நன்றாகத் தடித்தே இருக்கிறது, இருபுறமும் தேய்வு ஒரே அளவு. துருக்குழிகள் முதுகை ஒட்டித்தான், வாய்ப் பக்கம் வரவில்லை. குழி எங்கே என்பதுதான் கணக்கு, எத்தனை என்பது அல்ல. பிடி கொம்பு, ஒரு மூலையைப் பூச்சி கொறித்திருக்கிறது, அது ஒன்றும் பெரிய குறை இல்லை.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். மயிரிழை விரிசல்! எல்லாவற்றுக்கும் முன்பே காட்டியிருக்க வேண்டும். பளபளப்பவரைப் போல உள்ளே குடைந்து மெலிதாக்கிய கத்திகளில்தான் இது அதிகம். கருப்புத் துணியை விரித்து, விளக்கை ஒரு பக்கமாக வைத்து, வாயை நகத்தின் மேல் லேசாக அழுத்தி நகர்த்துங்கள். விரிசல் இருந்தால் அங்கே ஒரு கோடு மினுங்கி மறையும். கோடு தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள், எவ்வளவு பெரிய பெயர் பொறித்திருந்தாலும் சரி. அது ஆபத்து. இரண்டிலும் பார்த்துவிட்டேன், இல்லை.

இன்னொன்று, பளபளப்பவரின் பிடி செல்லுலாய்ட், அந்தக் காலத்துப் பிளாஸ்டிக். முகர்ந்தால் மூக்கில் ஏறுகிறது, பிடியையும் அலகையும் சேர்க்கும் பின்னைச் சுற்றிப் புதுத் துரு. செல்லுலாய்ட் கெட ஆரம்பித்தால் அமில ஆவி விடும். தன் கத்தியை மட்டுமல்ல, அதே பெட்டியில் கிடக்கும் மற்றதையும் அரிக்கும். இதைப் புதுப்பித்தது என்று விற்றிருக்கிறார்கள், கேளுங்கள்! இன்றைக்கே பின்னை அரம் போட்டு எடுத்துப் பிடியைக் கழற்றிவிடுவேன். அலகை எறிய மாட்டேன். வேறு பிடி மாட்டி, புதிதாகக் கற்பவர்களுக்குத் தோல்வாரில் தீட்டிப் பழகக் கொடுத்துவிடலாம், கெடுவதற்கு அதில் இனி ஒன்றுமில்லை.