கழற்ற முடியாத அறைகளும் மெல்ல வளர்ந்த தெருவும்

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், கட்டடக்கலை படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

டோக்கியோ கட்டடங்களின் படங்களை நாம் எல்லோரும் கைப்பேசியில் பார்த்திருக்கிறோம். பத்தடி, பதினைந்தடி அகலத்தில் எட்டு மாடி எழுப்பியிருப்பார்கள். அங்கே அதைப் பென்சில் பில்டிங் என்றே சொல்கிறார்கள். சில கட்டடங்களில் மேல் மாடிகளை ஒரு பக்கமாகச் சாய்த்து வெட்டியிருப்பார்கள். பார்த்துவிட்டு, வடிவமைத்தவரின் கற்பனை வினோதமானது என்று நாமும் அடுத்த படத்துக்குப் போய்விடுகிறோம்.

உண்மையில் அந்தச் சாய்வை வரைந்தது பெரும்பாலும் சட்டம்தான். எதிர்ச் சாலையோரத்திலிருந்து மேல்நோக்கி ஒரு சாய்வுக் கோடு இழுத்தால், அந்தக் கோட்டைத் தாண்டிக் கட்டடம் எழக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் வடக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்காக இன்னொரு சாய்வும் உண்டு, ஏனென்றால் அந்த ஊரில் நிழல் வடக்கே விழும். 1976இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். குளிர்காலத்தில் பகல் மிகக் குறுகிய அந்த நாளில், பக்கத்து மனையில் எத்தனை மணி நேரம் நிழல் விழலாம் என்று வரையறுத்தார்கள். பக்கத்து வீட்டு வெயிலைச் சட்டத்தில் எழுதி வைத்த ஒரு சமூகத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

சரி, இடத்துக்கு விதி இருக்கிறது. காலத்துக்கு? ஒரு கட்டடம் காலத்தை எப்படி எதிர்கொள்ள வேண்டும் என்பதுதான் இன்று நான் பேச வந்தது. ஜப்பானிய நகரங்களில் இது பெரிய கேள்வி. அங்கே நிலத்துக்குத்தான் மதிப்பு, மேலே நிற்கும் வீட்டுக்கு மதிப்பு வேகமாகக் கரைந்துவிடும். வாடகைக்கு விடும் மர வீட்டுக்கு வரிக் கணக்கில் 22 ஆண்டுதான் ஆயுள். முப்பது, நாற்பது ஆண்டில் வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதில் யாரும் அதிர்ச்சி அடைவதில்லை.

1960இல் டோக்கியோவில் உலக வடிவமைப்பு மாநாடு நடந்தது. அதையொட்டிச் சில இளைஞர்கள் ஒன்று சேர்ந்து தங்களை மெட்டபாலிஸ்டுகள் என்று அழைத்துக்கொண்டார்கள். உயிருள்ள உடல் பழைய செல்லை உதிர்த்துப் புதியதை வளர்த்துக்கொள்கிறதே, நகரமும் அப்படி இருக்கட்டும் என்பது அவர்கள் கனவு. அந்தக் குழுவில் கிஷோ குரோகாவா இருந்தார், ஃபுமிஹிகோ மாக்கி இருந்தார். இருவருமே டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைஞர் கென்சோ டாங்கேயிடம் பயின்றவர்கள். ஒரே கனவை வைத்துக்கொண்டு இருவரும் இரண்டு வழியில் போனார்கள்.

குரோகாவா 1972இல் டோக்கியோவின் கடைவீதிப் பகுதியான கின்சாவுக்குப் பக்கத்தில் நாகாகின் கேப்சூல் கோபுரத்தைக் கட்டினார். மின்தூக்கியும் படிக்கட்டும் உள்ள இரண்டு கான்கிரீட் தண்டுகள், அவற்றில் பொருத்திய 140 சிற்றறைகள். அறை ஒவ்வொன்றையும் தொழிற்சாலையில் முழுதாகச் செய்து, லாரியில் கொண்டுவந்து, நான்கு போல்ட் போட்டு மாட்டினார்கள். சுமார் பத்து சதுர மீட்டருக்குள் கட்டில், குளியலறை, வட்டமான ஒரு ஜன்னல். 25 ஆண்டுக்கு ஒருமுறை அறைகளைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிக்கொள்ளலாம் என்பது திட்டம்.

ஐம்பது ஆண்டு ஓடியது. ஒரு அறையைக்கூட மாற்றவில்லை.

ஏன் என்பதைத்தான் மாணவர்கள் கவனிக்க வேண்டும். போல்ட்டின் மேல் குற்றமில்லை. கீழே இருக்கும் அறையைக் கழற்ற, மேலே இருப்பவற்றை முதலில் இறக்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல், அறைக்கு ஒருவர் என்று சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ஒருவருக்குப் பணம் இருக்கும், இன்னொருவருக்கு இருக்காது. ஒருவர் புதுப்பிக்கலாம் என்பார், இன்னொருவர் இடித்து விற்கலாம் என்பார். உள்ளே உடலுக்குக் கேடான கல்நார் வேறு. சுடுதண்ணீர் நின்றுபோனது, ஒழுகல் தொடங்கியது. 2022இல் கோபுரத்தைப் பிரித்தார்கள். நேசித்தவர்கள் பாடுபட்டு 23 அறைகளைக் காப்பாற்றினார்கள். அவற்றில் சில இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அந்த முயற்சியை நான் வணங்குகிறேன். இருந்தாலும், மாறுவதற்காகவே பிறந்த கட்டடம் மாறாமலே முடிந்துபோனது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

அப்புறம் மாக்கி. டோக்கியோவின் பெரிய ரயில் நிலையமான ஷிபுயாவிலிருந்து ஒரே ஒரு நிறுத்தம், தாய்கன்யாமா. அங்கே அசாக்குரா என்ற குடும்பத்துக்குச் சாலையோரமாக நீள நிலம் இருந்தது. 1969இல் முதல் கட்டம் எழுந்தது. கீழே கடைகள், மேலே வீடுகள். ஆறாம் கட்டம் முடிந்தது 1992இல். அதுதான் ஹில்சைட் டெரஸ். இருபது ஆண்டுக்கு மேல் அதே குடும்பம், அதே கட்டடக்கலைஞர், அதே தெரு. ஒரு கட்டத்தைக் கட்டி முடித்து, மக்கள் எங்கே நிற்கிறார்கள், எந்த மூலையில் திரும்புகிறார்கள் என்று பார்த்த பிறகே அடுத்த கட்டத்தை வரைந்தார்கள். முதலில் கான்கிரீட், பிறகு ஓடுகள், கடைசியில் அலுமினியமும் கண்ணாடியும் என்று பொருள் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் நடந்து போகிறவருக்கு அது ஒரே தெருவாகத்தான் படும்.

தொடங்கிய காலத்தில் அங்கே பத்து மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது. பின்னால் விதி தளர்ந்தது. மாக்கி அப்போதும் தெருப்பக்கம் அந்தப் பத்து மீட்டர் கோட்டை விடவில்லை, அதற்கு மேலே வந்த பகுதியைப் பின்னுக்குத் தள்ளி வைத்தார். வளாகத்துக்குள்ளேயே சருகாக்குசுகா என்ற பழங்கால ஈம மேடு ஒன்று, மரங்களோடும் சிறு கோயிலோடும் இருக்கிறது. அதைத் தொடாமல் சுற்றிக் கட்டினார்கள். மெட்டபாலிஸ்டுகள் பேசிய வளர்ச்சியை நடத்திக் காட்டியது, போல்ட் ஒன்றும் இல்லாத இந்தத் தெருதான் என்பது என் துணிபு. 2024இல் மாக்கி தமது 95ஆம் வயதில் காலமானார்.

டோக்கியோவின் ஓமோத்தேசாண்டோ பகுதியில் பிராடா, டியோர் என்ற ஆடம்பர நிறுவனங்களின் கடைகளும், டாட்ஸ் நிறுவனத்துக்காகக் கட்டிய கட்டடமும் நிற்கின்றன. கண்ணைப் பறிக்கும் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அழகெல்லாம் முகப்பில் நின்றுவிடுகிறது. அதே டாட்ஸ் கட்டடத்தைச் செய்த டோயோ இட்டோ 2001இல் செண்டாய் நகருக்குக் கட்டிய மீடியாதேக் என்ற நூலகம் வேறு ரகம். ஏழு தளங்களையும் ஊடுருவிப் போகும் 13 எஃகுக் குழாய்க் கூடுகள், அவற்றின் வழியே மின்தூக்கி, காற்று, வெளிச்சம். மூலைகளில் உள்ள நான்கு பெரிய கூடுகள் நிலநடுக்க விசையைத் தாங்குகின்றன. 2011 மார்ச் 11 அன்று வந்த பெரும் நிலநடுக்கத்தில் ஏழாம் தளத்தின் மேற்கூரைப் பலகைகள் விழுந்தன, சட்டகம் நின்றது. மே மாதமே ஒரு பகுதியைத் திறந்துவிட்டார்கள். அங்கேயே, பேரிடரைப் பொதுமக்கள் தாங்களே பதிவு செய்து சேர்த்து வைக்க ஒரு மையமும் தொடங்கினார்கள். இட்டோ வரைந்தபோது அப்படி ஒரு பயன் யார் மனதிலும் இருந்திருக்காது. உள்ளே சுவர் அதிகம் இல்லாமல் விட்டு வைத்திருந்தார், அதனால் இடம் கிடைத்தது.

இன்று டோக்கியோவில் காற்று வேறு பக்கம் வீசுகிறது. 2023இல் திறந்த அசாபுதாய் ஹில்ஸ் வளாகத்துக்காகச் சுமார் 300 நில உரிமையாளர்களோடு 1989 முதல் பேசியிருக்கிறார்கள். அந்தப் பொறுமை பெரியதுதான். ஆனால் பேச்சுக்கு முப்பது ஆண்டு கொடுத்துவிட்டு, ஒரு வட்டாரம் முழுவதையும் ஒரே மூச்சில் கட்டி முடித்துவிட்டார்கள். முதல் கட்டத்தில் தவறினால் இரண்டாம் கட்டத்தில் திருத்தலாம் என்ற வாய்ப்பு அதில் இல்லை. எனக்கு இது கவலையாக இருக்கிறது.

டோக்கியோ போகும் வாய்ப்பு கிடைத்தால், தம்பி தங்கைகளே, ஏதாவது ஒரு உயரக் கோபுரத்தின் உச்சிக்கு ஏறுவதற்கு முன் தாய்கன்யாமாவில் இறங்குங்கள். முதல் கட்டத்திலிருந்து ஆறாம் கட்டம் வரை நடந்து பாருங்கள். அளவுநாடாவும் ஒரு நோட்டும் எடுத்துப் போங்கள். நடைபாதையிலிருந்து எத்தனை படி ஏறினால் கடை வாசல், எந்த இடத்தில் சுவர் பின்வாங்குகிறது, மரத்துக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு கட்டத்திலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புகளை என்னிடம் கொண்டுவந்தால் உட்கார்ந்து பேசுவோம். நன்றி, வணக்கம்.