திருமதி கிப்ஸின் 350 டாலர்

எல்லாருக்கும் வணக்கம். ‘அவர் டவுன்’ (Our Town, அதாவது ‘நம்ம ஊர்’) நாடகத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், பார்த்தவர்கள் எல்லாரும் எமிலியைத்தான் எதிர்பார்ப்பீர்கள். செத்துப்போன பெண் ஒரே ஒரு நாளுக்குத் திரும்பி வருகிற காட்சி. அதற்கும் வருகிறேன். ஆனால் எனக்கு இன்றைக்குப் பேச ஆசையாக இருப்பது ஒரு பழைய மர பீரோவைப் பற்றி.

முதலில், தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். தார்ன்டன் வைல்டர் எழுதியது. 1938 ஜனவரியில் பிரின்ஸ்டனில் மேடையேறி, பிப்ரவரியில் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேக்குப் போய், அந்த வருஷமே புலிட்சர் பரிசும் வாங்கியது. ஊர் குரோவர்ஸ் கார்னர்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம், மக்கள்தொகை 2,642. கற்பனை ஊர்தான். 1901இல் ஒரு சாதாரண நாள் முதல் அங்கம். 1904இல் டாக்டர் கிப்ஸின் மகன் ஜார்ஜுக்கும், ஊர்ப் பத்திரிகை நடத்தும் வெப்பின் மகள் எமிலிக்கும் கல்யாணம், அது இரண்டாவது. 1913இல் கல்லறைத் தோட்டம், அது மூன்றாவது. வில்லன் கிடையாது, சூழ்ச்சி கிடையாது. மேடையில் செட்டும் கிடையாது. இரண்டு மேஜை, சில நாற்காலிகள், ஏறக்குறைய அவ்வளவுதான். பெண்கள், இல்லாத அடுப்பைப் பற்றவைத்து இல்லாத பாத்திரத்தைத் தூக்கிவைப்பார்கள், பால்காரர், இல்லாத குதிரையோடு பேசிக்கொண்டே வருவார். ஸ்டேஜ் மேனேஜர் என்று ஒருவர் ஓரமாக நின்று நமக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருப்பார்.

இந்த ஸ்டேஜ் மேனேஜர் பார்க்கச் சாதுவாக இருப்பார், நம்பிவிடாதீர்கள். பேப்பர் போடுகிற பையன் ஒருவன் வருவான், டாக்டரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவான். அவன் போன கையோடு இவர் சொல்கிறார்: கெட்டிக்காரப் பையன், பெரிய இன்ஜினியராக வந்திருப்பான், பிரான்சில் போரில் செத்துப்போனான், அத்தனை படிப்பும் வீண். சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் காட்டப் போய்விடுகிறார். திருமதி கிப்ஸையும் இப்படித்தான் அறிமுகம் செய்கிறார். அந்த அம்மா காலை டிபன் செய்ய மாடியிலிருந்து இறங்கி வரும்போதே, பிற்காலத்தில் ஒஹையோவில் மகள் வீட்டுக்குப் போன இடத்தில் நிமோனியா வந்து இறந்தார் என்று சொல்லியாகிவிட்டது. அதாவது, இனிமேல் அந்த அம்மா எந்த ஆசையைச் சொன்னாலும் நாம் அதை இந்தத் தகவலோடு சேர்த்துத்தான் கேட்கிறோம்.

சரி, பீரோவுக்கு வருவோம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு திருமதி கிப்ஸும் பக்கத்து வீட்டுத் திருமதி வெப்பும் பின்பக்கம் உட்கார்ந்து பீன்ஸ் ஆய்கிறார்கள். பாஸ்டனிலிருந்து ஒரு பழைய சாமான் வியாபாரி வந்தாராம், பாட்டியுடைய அந்த உயரமான பீரோவுக்கு 350 டாலர் தருகிறேன் என்றாராம். திருமதி கிப்ஸுக்கு ஒரே ஒரு ஆசை: அந்தப் பணத்தில் பாரிஸைப் பார்க்க வேண்டும். சாவதற்குள் ஒரு தடவையாவது, ஆங்கிலம் பேசாத, பேசவும் விரும்பாத ஒரு நாட்டைப் பார்த்துவிட வேண்டும் என்கிறார். கணவரோ, ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்தால் அப்புறம் சொந்த ஊர் பிடிக்காமல் போய்விடும் என்கிறவர். அவருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த களங்களைப் பார்த்தால் போதும். திருமதி வெப் ஒரு யோசனை சொல்கிறார்: ஜாடைமாடையாகச் சொல்லிக்கொண்டே இரு, நான் அட்லாண்டிக் கடலைப் பார்த்ததே அப்படித்தான்! இந்த இடத்தில் அரங்கம் சிரிக்கும். அவர்கள் ஊரிலிருந்து கடல் அப்படி ஒன்றும் தூரமில்லை.

அதோடு பாரிஸ் பேச்சு அடங்கிவிடுகிறது. இரண்டாவது அங்கத்தில் கல்யாண அமளி. பீரோவை நாம் மறந்தே போகிறோம்.

மூன்றாவது அங்கம். இறந்தவர்கள் வரிசையாக நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள், அதுதான் கல்லறைத் தோட்டம். இரண்டாவது பிரசவத்தில் இறந்துபோன எமிலி வந்து மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புதிதாக வந்தவள் இல்லையா, பண்ணையைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறாள். மாடுகளுக்குச் சிமெண்டில் தண்ணீர்த் தொட்டி கட்டியிருக்கிறோம், நீங்கள் விட்டுப்போன பணத்தில்தான். நினைவில்லையா, 350 டாலருக்கும் மேலே இருந்ததே! ஆமாம் எமிலி, ஆமாம் என்கிறார் திருமதி கிப்ஸ். பேச்சு வேறு எங்கோ போய்விடுகிறது.

அவ்வளவுதான். பீரோவை விற்றார் என்பதை அந்தத் தொகையை வைத்து நாமாகத்தான் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். எப்போது விற்றார், கணவரிடம் கேட்டாரா, கேட்காமலே பணத்தை எடுத்து வைத்துவிட்டாரா, எதுவும் நாடகத்தில் இல்லை. எமிலிக்குத் தொகை நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாரிஸ் என்று ஒன்று இருந்ததை அவள் அறிந்ததற்கு அடையாளமே இல்லை. முதல் அங்கத்தில் ஸ்டேஜ் மேனேஜர் பாபிலோனைப் பற்றிச் சொல்வார்: இருபது லட்சம் பேர் வாழ்ந்த நகரம், நமக்குக் கிடைத்தது ராஜாக்கள் பெயரும் கோதுமை விற்ற, அடிமை விற்ற பத்திரங்களும்தான் என்று. நான் அதை வேறு ஏதோ தத்துவம் என்று நினைத்து மூன்று தடவை தாண்டிப் போயிருக்கிறேன். அந்தத் தண்ணீர்த் தொட்டியையும் அப்படியே தாண்டிப் போனேன், எமிலியின் காட்சிக்கு அவசரப்பட்டு.

எமிலி தான் வாழ்ந்த நாள் ஒன்றுக்குத் திரும்பிப் போக நினைக்கும்போது, போகாதே என்றுதான் மற்ற இறந்தவர்கள் முதலில் சொல்கிறார்கள். கேட்கமாட்டேன் என்கிறாள். அப்படியானால் முக்கியமே இல்லாத நாளாகப் பார்த்து எடு என்று சொல்வதும் திருமதி கிப்ஸ்தான். அவள் தன் பன்னிரண்டாவது பிறந்தநாளுக்குப் போகிறாள், 1899. அம்மா அடுப்படியில் வேலையாக இருக்கிறார், சாப்பிடு சாப்பிடு என்கிறார், மகளை நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. 2009இல் நியூயார்க்கில் டேவிட் குரோமர் என்ற இயக்குநர் இந்த இடத்தில் மட்டும் ஒரு திரையை விலக்கி, நிஜமான சமையலறையைக் காட்டினார். நிஜ அடுப்பு, நிஜமாகவே பன்றி இறைச்சி வறுபடுகிறது, வாசனை அரங்கம் முழுக்க. அதுவரை பாவனையாகச் சமைத்ததையே பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு எப்படி இருந்திருக்கும்! வைல்டர் எழுதிவைத்த வெறும் மேடைக்கு நேர் எதிரான காரியம், ஆனாலும் நான் குரோமர் பக்கம்தான்.

எமிலியால் தாங்க முடியவில்லை, கல்லறைக்கே வந்துவிடுகிறாள். நீங்கள் எல்லாரும் அந்தக் காட்சியில் அழுவீர்கள், அழுங்கள். ஆனால் அடுத்த தடவை பார்க்கும்போது அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருக்கிற நடிகையைக் கொஞ்சம் கவனியுங்கள். மொத்த நாடகத்திலும் கஷ்டமான வசனம் அவருடையதுதான்: ஆமாம் எமிலி, ஆமாம்.