அயர்லாந்துக் குடியானவர் வீட்டு நாணல் திரி

வணக்கம் நேயர்களே. பழைய அயர்லாந்தின் கிராம வீடுகளில் எரிந்த மெழுகுவத்தி பெரும்பாலும் மெழுகால் ஆனதன்று. தேன்மெழுகு தேவாலயத்துக்கும் வசதி படைத்தவர்களுக்கும் உரியதாக இருக்க, குடியானவர் வீட்டுக்கு வெளிச்சம் தந்தது, ஈரநிலத்தில் தானாக முளைக்கும் நாணலும் ஆட்டுக் கொழுப்பும்தான்.

கோடையின் பிற்பகுதியில், நாணல் முழுதாக வளர்ந்தும் பச்சை மாறாமல் இருக்கும்போதே அதை அறுத்து, நீரில் ஊற வைத்து, தோலை நீளவாக்கில் உரிப்பார்கள். கைத்திறன் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. தோல் முழுவதையும் எடுத்துவிட்டால் உள்ளிருக்கும் வெண்ணிறச் சோறு, அதாவது தண்டின் மென்மையான உட்பகுதி, நெட்டியைப் போல ஒடிந்துவிடும்; அதிகமாக விட்டுவைத்தாலோ கொழுப்பு உள்ளே இறங்காது. ஆகவே ஒரே ஒரு மெல்லிய கீற்றை மட்டும் தாங்கலாக விட்டு, மற்றதை உரித்து உலர்த்துவார்கள்.

உலர்ந்த தண்டை, தணலருகே சிறு கால்களில் நிற்கும் படகு வடிவ இரும்புச் சட்டியில் உருகிய கொழுப்பினூடே இழுத்தெடுப்பார்கள். சட்டி நீண்டு ஆழமின்றி இருப்பதால், நீளமான தண்டும் வளையாமல் நனையும். கொஞ்சம் கொழுப்பே போதும். ஆறியதும் நன்றாக இறுகுவதால் ஆட்டுக் கொழுப்புக்குத் தனி மதிப்பு இருந்தது. இக்காலக் கடைகளில் பழைய அயர்லாந்தின் மணம் என்று வாசனை மெழுகுவத்தி விற்பதைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்த வீடுகளில் வீசியது கொழுப்பு வாடை.

எரியும் திரியை, மரக்கட்டையில் பதித்த இரும்பு இடுக்கி சாய்வாகப் பிடித்திருக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை யாராவது எழுந்து அதை நகர்த்திவிட வேண்டும். இங்கிலாந்தில் இதே முறையில் செய்த, இரண்டடி நான்கரை அங்குல நீளமுள்ள திரியொன்று 57 நிமிடங்கள் எரிந்ததாக இயற்கையியலாளர் கில்பர்ட் ஒயிட் 1775இல் குறித்திருக்கிறார்.

கிறிஸ்துமஸின் பன்னிரண்டாம் இரவில், சாணத்திலோ களிமண்ணிலோ பன்னிரண்டு திரிகளை நட்டு ஏற்றும் வழக்கமும் இருந்தது. சில வீடுகளில் ஒவ்வொரு திரிக்கும் குடும்பத்தில் ஒருவர் பெயரைச் சூட்டி, எது முதலில் அணைகிறதோ அவரே முதலில் இறப்பார் என்று நம்பினார்கள். தோலைச் சரியாக உரிக்காதவர் மீது அன்றிரவு எவ்வளவு கோபம் வந்திருக்குமோ!

மண்ணெண்ணெய் விளக்கு வந்த பிறகு நாணல் திரி மெல்ல ஒதுங்கியது. ஊர்ப்புற மின்மயமாக்கலின் முதல் கம்பம் டப்ளின் மாவட்டத்துக் கில்சாலகனில் நடப்பட்டது 1946 நவம்பரில்தான். அதற்கு முன்பே, 1937 முதல் பள்ளிப் பிள்ளைகள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு எழுதிய நாட்டார் குறிப்புகளில் இந்தச் செய்முறை ஊருக்கு ஊர் சிறு வேறுபாடுகளுடன் பதிவாகியிருக்கிறது. அந்தக் கையெழுத்துப் பக்கங்களை இன்று இணையத்திலேயே படிக்கலாம்.